இடம் குறைவு

காலை ஆறேகாலுக்கு மிருதுளா தன் கணவரை அணைத்தாள். கட்டிக்கொள்ளும் அணைப்பு இல்லை. விளக்கை அணைப்போமே, அது. இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு மேடாக இருந்த இடத்தைப் பெருவிரலால் ஐந்து வினாடி அழுத்தினாள். நிதர்ஷன் சாய்வு நாற்காலியில், வாய் லேசாகத் திறந்தபடி, நின்றுபோனார். மூச்சு ஓடியது, நெஞ்சு துடித்தது. ஆள் மட்டும் இல்லை. நாற்பது வினாடி. அதற்குள் அவள் பாலை அடுப்பில் ஏற்றி, ஜன்னல் திரையை விலக்கி, அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடுவாள். மறுபடி அழுத்தினால் இமை இரண்டு தடவை அடிக்கும். பிறகு அன்றைய முதல் சொல் வரும்.

"காப்பி எங்கட்டி?"

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதந்த அந்தக் குடியிருப்பில், இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படித்தான் விடிந்தது. மறதியோ பக்கவாதமோ தொட்ட ஆட்களுக்கெல்லாம் இணைமூளை வைத்திருந்தார்கள். தினம் ஒருமுறை அணைந்து எழுந்தால்தான் அது தடுமாறாமல் ஓடும். பெண்டாட்டி புருஷனை அணைப்பாள், மகன் அப்பனை அணைப்பான், தனியாக இருப்பவரைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து அணைத்துவிட்டுப் போவார். பல் துலக்குவது போல அதுவும் ஒரு காலைக்கடன்.

நிதர்ஷனுக்கு அறுபத்தாறு வயது. அவர் பிறந்த காலத்தில் அது புதுமையான பெயர். இப்போது கேட்டாலே கிழவர் என்று தெரிந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் பம்பு அறையிலேயே விழுந்தார். வலதுபக்க மூளையில் பாதி போய்விட்டது. மருத்துவர்கள் காதுக்குப் பின்னால் அந்தக் கொட்டையை வைத்தார்கள். மூன்று மாதம் அது அவருக்குள் மிச்சமிருந்த நினைவுகளை ஒவ்வொன்றாகத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அதன்பின் அவர் பேசியதும் நடந்ததும் கோபித்ததும் அதிலிருந்துதான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் கணவரின் இணைமூளையைத் திறக்கும் வீட்டுச்சாவி மிருதுளாவின் கைப்பலகைக்கு வந்தது. கொடுக்கும்போதே சேவை நிலையத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள்: "காலையில அணைச்சுப் போடுங்க. அதுக்கு மேல எதையும் தொடாதீங்கம்மா. என்ன சந்தேகம்னாலும் எங்களைக் கூப்பிடுங்க."

முதல் கோளாறு ஒரு சட்டையில் ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்த நிதர்ஷன், "என் சட்டினி எங்க?" என்றார். அவள் கொண்டுவந்து வைத்தாள். கிண்ணத்தைப் பார்த்து அவருக்கு முகம் சிவந்தது. "சட்டினிட்டி! போடுத சட்டினி!" என்று கத்தினார். மறுநாள் மருந்தைக் கேட்க வாயெடுத்து மருமகன் எங்கே என்றார். இல்லாத மருமகனைக் கேட்டுவிட்டுத் தானே குழம்பி, தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மிருதுளா சேவை நிலையத்துக்கு எழுதினாள். நான்கு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். நான்கு மாதம் இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இணைமூளை வைத்தவர்களின் உறவினர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பொதுமன்றம் ஒன்று இருந்தது. இரண்டு நாள் அதைப் படித்தாள். சொல்லின் முதல் எழுத்தைக் கேட்டதுமே மீதியைத் தானாக ஊகித்து வாயில் வைக்கும் வசதி ஒன்று உள்ளே இருக்கிறது, அதுதான் சட்டையைச் சட்டினியாக்குகிறது என்று தெரிந்தது. எங்கே இருக்கிறது என்று தேடினாள். பதினோராவது பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அதை நிறுத்தினாள். கணவரை அணைத்துப் போட்டாள்.

"சட்டை எங்கட்டி? குளிருது" என்றார்.

அந்த நிமிஷத்தை மிருதுளா பிறகு பலதடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். தொண்டையில் சிக்கிய மீன்முள் சட்டென்று இறங்கியது போல இருந்தது. ஐம்பத்துமூன்று வயது வரைக்கும் அவள் எதையும் சரிசெய்ததில்லை. செய்ய விட்டதில்லை. கல்யாணமான புதிதில் மிக்சியைத் திருப்பிப் போட்டு ஒரு திருகைக் கழற்றிய நாளில், "கைய வைக்காத. ஆளக் கூப்பிடு" என்றார் நிதர்ஷன். அதன்பின் முப்பது வருஷமும் அதே வாக்கியம்தான். குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடு. கதவு கிரீச்சிட்டால் ஆளைக் கூப்பிடு. இப்போது அந்த மனிதரையே அவள் சரிசெய்திருக்கிறாள், ஆளைக் கூப்பிடாமல்.

"நாந்தான் சரிபண்ணினேன்" என்றாள்.

"எத?"

"உங்கள."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நிலையத்துக்கு எழுதியிருந்தா அவன் வந்து பாத்திருப்பான்லா" என்றார்.

அந்தப் பதில் அவளை நிறுத்தவில்லை. அடுத்து இடது கை நடுக்கத்தைச் சரிசெய்தாள். ஒரு நாள் முழுக்க ஆனது, சோறு வடிக்க மறந்துபோனாள். மூன்றாவதாக, படியிறங்கும்போது அவருக்கு வந்த தலைசுற்றலை நீக்கினாள். செய்தி தளம் முழுக்கப் பரவியது. எதிர்வீட்டு ஆத்மிகா தன் கணவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் தும்மிக்கொண்டிருந்தார். மிருதுளா இருபது நிமிஷத்தில் சரிசெய்து அனுப்பினாள். "நிலையத்துல இருக்கவன்லாம் உங்ககிட்ட பிச்சை வாங்கணும்க்கா" என்றாள் ஆத்மிகா. நிதர்ஷன் அதைக் கேட்டும் கேட்காதவர் போல ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே மெச்சினாலும் இந்த வாயிலிருந்து ஒரு சொல் வராது என்று மிருதுளாவுக்குப் புரிந்தது. அந்தச் சொல்லுக்காகவே அவள் அடுத்த கோளாறுக்குக் காத்திருக்கத் தொடங்கினாள்.

அது ஐந்தாவது வருஷம் ஐப்பசியில் வந்தது.

நிதர்ஷன் மெதுவாகிக்கொண்டே போனார். முதலில் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இரண்டு மூச்சு. பிறகு இரண்டு நிமிஷம். தீபாவளிக்குள், தோசை வேண்டுமா என்று காலையில் கேட்டால் மத்தியானம் "ரெண்டு போதும்" என்றார். கூடத்தைக் கடக்கும்போது பாதியில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுவிடுவார். அவள் ஓடிப்போய்த் தாங்கிக்கொள்வாள். கண்ணில் மட்டும் எல்லாம் இருந்தது. கேட்கிறது, புரிகிறது, பதிலும் எங்கோ கிளம்பிவிட்டது. வந்து சேரத்தான் வழியில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நிற்பார்.

கைப்பலகையில் சிவப்பாக ஒரு வரி எரிந்தது: இடம் குறைவு. தேவையற்றதை நீக்கவும்.

"இதுக்கு நிலையத்தக் கூப்பிட்டுருங்களேன்க்கா" என்றாள் ஆத்மிகா.

"எதுக்கு? பரணை ஒழிக்கக்கூடவா ஆளக் கூப்பிடணும்?" என்றாள் மிருதுளா.

பொதுமன்றத்தில் அனுபவஸ்தன் என்ற பெயரில் ஒருவர் எல்லாருக்கும் யோசனை சொல்வார். இதற்கும் சொல்லியிருந்தார்: "நினைவுப் பொதிகளை அளவுவாரியாக வரிசைப்படுத்துங்கள். மேலே இருப்பதைத் தூக்குங்கள். சின்னச் சின்னதாகப் பொறுக்கினால் ஆயுசு போதாது. நிரந்தரமாக நீக்கு என்பதையும் மறக்காமல் சொடுக்குங்கள், இல்லாவிட்டால் இடம் மிஞ்சாது." கீழே நாலாயிரம் பேர் நன்றி எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மிருதுளா கணவரைக் கூடத்தில் உட்காரவைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கைப்பலகையைத் திறந்தாள். பொதிகள் அளவுவாரியாக வந்தன. பம்பு அறை இரைச்சல், முப்பத்தோரு வருஷத்துக்கு உண்டானது, பதினொரு விழுக்காடு. கிரிக்கெட் ஒன்பது. தம்பியோடு போட்ட சண்டைகள் ஆறு. எல்லாவற்றுக்கும் மேலே, பெயரில்லாமல் வெறும் எண்ணோடு ஒன்று இருந்தது. பதினேழாம் பொதி. முப்பத்துநான்கு விழுக்காடு.

ஒரு மனிதருடைய மண்டையில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு அப்படி என்ன இருக்கிறது?

அடுத்தவர் நினைவை முழுசாகப் பார்க்கச் சட்டம் இடம் தராது. அடையாளம் தெரிவதற்காக மூன்று வினாடி மட்டும் காட்டும். அவள் தொட்டாள்.

ஒரு பெண்ணின் பிடரி. ஈரத்தலையை ஒதுக்கி முன்னால் போட்டிருந்தாள். பிடரியில் மயிர்க்கோட்டுக்குக் கீழே ஒரு மச்சம், எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. பார்க்கிறவர் முகத்தை அதன் அருகே கொண்டுபோகிறார். அவள் சிரிக்கிறாள். கொலுசைக் கீழே போட்டது போல, அடக்கமாட்டாத சிரிப்பு. "விடுங்க, யாராச்சும் வருவாங்க" என்கிறாள். மெல்லிய, கீச்சுக் குரல். முடிந்தது.

மிருதுளா அதை ஏழு தடவை பார்த்தாள். அந்தக் குரல் அவள் கேட்டறியாத குரல். இந்தக் குடியிருப்பில் அப்படிச் சிரிக்கிற பெண் எவளும் இல்லை. பொதியின் கீழே இன்னொரு வரி இருந்தது: எடுத்துப் பார்த்தது, சராசரியாக நாளொன்றுக்கு நான்கு முறை. கடைசியாக, இன்று காலை ஆறு மணி பதினேழு நிமிஷம்.

அணைத்து எழுப்பிய மறு நிமிஷம். அவள் அடுப்படியில் நின்று இவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நேரம்.

"யாரு அவ?" என்றாள்.

நிதர்ஷன் அவளைப் பார்த்தார்.

"உங்க மனசுல ஒருத்தி இருக்காளே, பிடரில மச்சம் வச்சவ. முப்பத்தெட்டு வருசமா எனக்குச் சோத்தப் போட்டுட்டு, மனசுல இவளுக்குக் குடித்தனம் வச்சுக் குடுத்திருக்கிய. யாருன்னு கேக்கேன்."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. புன்னகைதான். மெதுவாக, நெல் முளைப்பது போல, உதட்டோரத்தில் ஏறியது. சிரிக்கிறாரே!

பதிலுக்குக் காத்திருந்தாள். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. புன்னகை முழுசாக மலர்ந்து அப்படியே நின்றது. வலது கை நாற்காலிப் பிடியிலிருந்து விரற்கடை அளவு எழுந்தது, அவளை நோக்கி. பதினொன்றரைக்கு அவள் கைப்பலகையை எடுத்தாள். "நீங்க சொல்ல வேண்டாம். எனக்குத் தேவையுமில்ல" என்றாள். பதினேழாம் பொதி. நீக்கு. நிரந்தரமாக நீக்கு. காலியான இடத்தை ஒழுங்குபடுத்து.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. இருபது விழுக்காடு. நாற்பது. உண்மையைச் சொன்னால், அழுகைக்கு நடுவிலும் அவளுக்குள் அந்தப் பழைய சுகம் ஊறியது. இதைவிடப் பெரிய பழுதை அவள் நீக்கியதில்லை. எழுபது. இடம் கிடைக்கக் கிடைக்க நிதர்ஷனின் கண்ணில் ஒளி கூடியது. கை சட்டென்று மேலே வந்தது. கழுத்து நிமிர்ந்தது. தொண்ணூறு. ஒன்றரை மணி நேரமாக உள்ளே நடந்துகொண்டிருந்த பதில் உதட்டுக்கு வந்துவிட்டது.

"அது நீ..." என்றார்.

கோடு நூறைத் தொட்டது.

"...நீங்க யாரும்மா?"

தெளிவான, வேகமான, ஒரு பிசிறும் இல்லாத குரல்.

மிருதுளா முதலில் அதைப் புதுக் கோளாறு என்றுதான் நினைத்தாள். அணைத்துப் போட்டாள். எழுந்தவர் காப்பி கேட்கவில்லை, "மன்னிக்கணும், நீங்க யாரப் பாக்க வந்திருக்கிய?" என்று கேட்டார். இன்னும் இரண்டு தடவை அணைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து, கை கூப்பி, அவளை 'நீங்க' என்றார். அந்த வீட்டில் 'ஏட்டி' என்ற சொல்லை இனி யார் சொல்வது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. வேலையிலேயே குறியாக இருந்தாள். நீக்கியவற்றின் பதிவைத் திறந்தாள். பதினேழாம் பொதியின் தொடக்கத் தேதி இருந்தது: 2054, சித்திரை இருபத்தொன்பது.

அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள்.

எழுந்து படுக்கையறைக்குப் போனாள். நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, நரைத்த கொண்டையைத் தூக்கினாள். ஐம்பத்தெட்டு வருஷமாகச் சுமந்து திரிந்த தன் பிடரியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். மயிர்க்கோட்டுக்குக் கீழே, எள்ளை விடக் கொஞ்சம் பெரிசாக, இருந்தது.

தன் குரல் வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தான் சிரிப்பது எப்படி இருக்கும் என்றும் தெரியாது. அதிலும், சிரித்தே இருபது வருஷம் ஆகியிருந்தால்?

சேவை நிலையம் அதே குடியிருப்பின் அடித்தளத்தில்தான் இருந்தது, மின்தூக்கியில் மூன்று நிமிஷம். நிதர்ஷன் தானாகவே விறுவிறுவென்று நடந்து வந்தார், இவள்தான் பின்தங்கினாள். அவர் இரண்டு இடத்தில் நின்று, "பாத்து வாங்கம்மா, தரை வழுக்குது" என்றார்.

அலுவலருக்கு இருபத்தாறு வயதிருக்கும். பெயர்ப் பலகையில் சுடலைமுத்து என்று இருந்தது. பழைய பெயர்கள் மறுபடி நாகரிகமாகிவிட்ட காலம் அது. பதிவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான்.

"வேர்ப்பொதிம்மா" என்றான் கடைசியில். "உங்களப் பத்தி அவர் சேத்த எல்லா நெனப்பும் இது மேலதான் கோத்திருக்கு. மத்ததெல்லாம் இப்பவும் உள்ள இருக்கு. ஆனா அதுல வர்ற பொம்பள யாருன்னு அவருக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

"கல்யாணமான புதுசுல உள்ள நெனப்புத்தான? எப்படி அம்புட்டு எடம் அடச்சுது?"

"எடுத்துப் பாக்கப் பாக்கப் பெருக்கும்மா. ஒருதடவ நெனச்சா ஒரு படி ஏறும். இவரு நாளுக்கு நாலு தடவ எடுத்திருக்காரு." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு பெரிய வேர்ப்பொதிய நான் பாத்ததில்ல."

"திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"நிரந்தரமா நீக்கி, எடத்த ஒழுங்குபடுத்தியும் விட்டுட்டிய. அதுமேல இப்ப பம்புச் சத்தம் ஏறி உக்காந்துட்டு." பதிவில் இன்னொரு வரியைத் தொட்டான். "மெதுவானதுக்கு இதெல்லாம் வேண்டியதே இல்லம்மா. அந்தப் பம்புச் சத்தத்தச் சுருக்கி வச்சிருந்தாப் போதும். அரை நிமிச வேல. எங்களக் கூப்பிட்டிருக்கலாமே?"

மிருதுளா நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சட்டம் ஒன்று பாக்கி இருந்தது. இணைமூளைக்காரருக்கு அடையாளம் தெரியாத ஒருவர் அவர் வீட்டில் இருக்கவோ சாவியை வைத்திருக்கவோ கூடாது. அவர் சம்மதித்தால் மட்டும் இருக்கலாம். சுடலைமுத்து நிதர்ஷன் பக்கம் திரும்பினான்.

"ஐயா, இந்த அம்மா உங்க வீட்டுல இருக்கிறதுக்குச் சம்மதமா?"

நிதர்ஷன் அவளை மரியாதையோடு பார்த்தார். "இவங்க எனக்கு என்ன வேணும்?"

அவன் மிருதுளாவைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். மனைவி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கொக்கியும் இல்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. சொன்னால் சங்கடப்படுவார். எழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாலும் கேட்பார். அதை அவளால் பார்க்க முடியாது.

"உங்க இணைமூளையப் பாத்துக்கிடுதவ" என்றாள். "அஞ்சு வருசமா நாந்தான் பழுது பாக்கேன்."

நிதர்ஷனின் புருவம் உயர்ந்தது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து, சட்டென்று உட்கார்ந்தார்.

"இத நீங்களா பண்ணுனிய? அருமையாப் பண்ணியிருக்கிய! தலை அப்படியே காத்து மாதிரி இருக்கு. காலைல வரைக்கும் என்னவோ பாறாங்கல்லத் தூக்கிச் சுமந்த மாதிரி இருந்துச்சு." சுடலைமுத்து பக்கம் திரும்பினார். "தாராளமா இருக்கட்டும் தம்பி. வீட்டுக்குள்ளயே வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா நல்லதுதான. எதுக்கெடுத்தாலும் வெளியாளக் கூப்பிட வேண்டாம் பாருங்க."

முப்பத்தெட்டு வருஷம் அவள் காத்திருந்த சொல் வந்துவிட்டது. குறைவில்லாமல், சாட்சி வைத்து வந்தது.

சுடலைமுத்து கடைசியாக ஒரு திரையை நிதர்ஷன் முன்னால் நகர்த்தினான். பழுது நீக்கியவரின் வேலை எப்படி இருந்தது என்று கேட்டது திரை. கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள். நிதர்ஷன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தேர்வுத்தாள் திருத்துகிறவர் போலக் குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. விரலை எடுத்துவிட்டார்.

"ஐயா, அஞ்சாவது?" என்றான் சுடலைமுத்து. "இவ்வளவு நல்லாருக்குன்னு சொன்னியளே."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அஞ்சு குடுத்தா ஆள் கெட்டுப்போவாங்க தம்பி."

மிருதுளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் வைத்த மீன்குழம்புக்கும், அவள் கட்டிய சேலைக்கும், ஆஸ்பத்திரியில் தொண்ணூறு நாள் அவள் கண்விழித்ததற்கும் இந்த மனிதர் சொன்னது இதே பதில்தான், இதே இழுப்போடு. ஆள் அப்படியே இருந்தார். குணத்தில் ஒரு குன்றிமணி குறையவில்லை. அவளை மட்டும்தான் தெரியவில்லை.

நான்கு நட்சத்திரங்கள் மஞ்சளாக எரிந்தன. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது திரை.